குளிர்காலத்தில் கால்கரியிலிருந்து வான்கூவருக்கு: எந்த மலைப்பாதை?

டிசம்பர் விடுமுறை நெருங்கினால் கால்கரித் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும்: வான்கூவரை ஒட்டிய சர்ரேயிலோ பர்னபியிலோ இருக்கும் உறவினர் வீட்டுக்குக் காரிலேயே போய்விடலாமா, போவதானால் எந்த வழி? கோடையில் இதை யாரும் கேட்பதில்லை. விடிகாலையில் புறப்பட்டால் இரவுச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். குளிர்காலத்திலோ ராக்கி மலைகள், அவற்றுக்கு மேற்கே செல்கர்க், மொனாஷி தொடர்கள், கடைசியில் கடற்கரைச் சமவெளிக்கு முன்னால் நிற்கும் காஸ்கேட் மலைகள் என்று ஒவ்வொரு தொடரையும் தனித்தனியாகக் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது. சென்ற ஆண்டு சர்ரேயிலிருந்து என் மனைவியின் அண்ணன் தொலைபேசியில், “மாப்பிள்ளை, ரோஜர்ஸ் கணவாய் பக்கமே வராதீங்க, அங்கேதான் பனிச்சரிவு. மூணாம் நம்பர் ரோட்டுல சுத்தி வந்துடுங்க” என்றார். அக்கறையோடு சொன்ன அந்த யோசனை, பலர் நம்பிப் பின்பற்றும் யோசனையும்கூட. அது சரிதானா என்று பார்க்கப் போய்ச் சேர்த்த விவரங்களையே இங்கே எழுதுகிறேன்.

காரில் போவதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, ஒன்றாம் எண் நெடுஞ்சாலை என்கிற டிரான்ஸ் கனடா: பான்ஃப், கோல்டன், ரோஜர்ஸ் கணவாய், ரெவெல்ஸ்டோக் வழியாகக் காம்லூப்ஸ் சென்று, அங்கிருந்து ஐந்தாம் எண் கோக்விஹல்லா நெடுஞ்சாலையில் ஹோப் ஊருக்கு இறங்கும் சுமார் 970 கிலோமீட்டர் பாதை. இரண்டாவது, தெற்கே இறங்கி அமெரிக்க எல்லையை ஒட்டியே மேற்கு நோக்கிப் போகும் மூன்றாம் எண் க்ரோஸ்நெஸ்ட் நெடுஞ்சாலை. இதில் தூரம் சுமார் 1,200 கிலோமீட்டர். மூன்றாவது, வடக்கே எட்மன்டன் போய், பதினாறாம் எண் யெல்லோஹெட் நெடுஞ்சாலையில் ஜாஸ்பரைக் கடந்து, ஐந்தாம் எண் சாலையில் காம்லூப்ஸுக்கு இறங்கும் பெருஞ்சுற்று. 1,450 கிலோமீட்டரை ஒட்டி வரும். இவை தவிர விமானம் இருக்கிறது. பேருந்தையும் சிலர் நினைக்கலாம். 2018-இல் கிரேஹவுண்ட் மேற்குக் கனடாவை விட்டு விலகிய பின் சேவைகள் குறைந்துவிட்டன, இருக்கும் பேருந்துகளும் இதே ஒன்றாம் எண் சாலையில்தான் ஓடுகின்றன என்பதால் அதைத் தனி வழியாக நான் எண்ணவில்லை.

முதலில் ரோஜர்ஸ் கணவாய், ஏனென்றால் அச்சம் முழுவதும் அந்தப் பெயரில்தான் குவிந்திருக்கிறது. கோல்டனுக்கும் ரெவெல்ஸ்டோக்குக்கும் இடைப்பட்ட 148 கிலோமீட்டரில், கிளேசியர் தேசியப் பூங்காவுக்குள் இக்கணவாய் வருகிறது. உயரம் 1,330 மீட்டர்தான். இதே பாதையில் இதற்கு முன்பே நாம் ஏறி இறங்கும் கிக்கிங் ஹார்ஸ் கணவாய் 1,600 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஆகவே சிக்கலுக்குக் காரணம் உயரமன்று. பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று செல்கர்க் மலைகளில் மோதி, ஒரு குளிர்காலத்தில் ஏறத்தாழ 10 மீட்டர் பனியைக் கணவாயில் கொட்டுகிறது. பள்ளத்தாக்கு குறுகலானது, இருபுறச் சரிவுகளும் செங்குத்தானவை. சுமார் 40 கிலோமீட்டர் நீளத்துக்குள் 130-க்கும் மேற்பட்ட பனிச்சரிவுத் தடங்கள் சாலையை நோக்கி இறங்குகின்றன. 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில்தான் பெரும்பாலான பனிச்சரிவுகள் பிறக்கின்றன. அதைவிடச் செங்குத்தானால் பனி தங்காமல் அவ்வப்போது சிறிது சிறிதாக உதிர்ந்துவிடும், அதைவிடப் படுக்கையானால் எளிதில் நகராது. ரோஜர்ஸ் கணவாயின் மேற்சரிவுகள் இந்த இடைப்பட்ட சாய்விலேயே நிறைய இருக்கின்றன. பழைய பனியின் மேல் படிகங்களாக உறைந்த நொய்ந்த அடுக்கு ஒன்று உள்ளே புதைந்திருக்க, அதன்மேல் ஒரே புயலில் கனத்த பனி விழுந்தாலோ, காற்று பனியை வாரிக்கொண்டுவந்து ஒரு பக்கம் சேர்த்தாலோ, திடீரென வெப்பம் ஏறி மழை பெய்தாலோ, மேலடுக்கு பலகைபோல் பெயர்ந்து வழுக்கிவிடும்.

இந்த இடத்தின் பெயரை அச்சத்தோடு சேர்த்துவைத்தது ரயில்பாதையின் வரலாறு. கனடியன் பசிபிக் ரயில்பாதை 1885-இல் இக்கணவாய் வழியாகப் போடப்பட்டதிலிருந்து 1911 வரை 200-க்கும் மேற்பட்டோர் இங்கே பனிச்சரிவுகளில் இறந்தார்கள். 1910 மார்ச் 4 நள்ளிரவுக்குச் சற்று முன்னால் நடந்தது எல்லாவற்றிலும் பெரியது. சியோப்ஸ் மலையிலிருந்து இறங்கிய பனி தண்டவாளத்தை மூடியிருந்தது. அதை வெட்டி அகற்றிக்கொண்டிருந்த தொழிலாளர்கள்மீது, எதிர்ப்பக்க மலையிலிருந்து இரண்டாவது சரிவு வந்து விழுந்தது. 58 பேர் இறந்தார்கள். அவர்களில் 32 பேர் ஜப்பானியத் தொழிலாளர்கள். அதற்கு மூன்று நாள் முன்புதான், தெற்கே வாஷிங்டன் மாநிலத்தின் வெலிங்டன் நிலையத்தில் நின்றிருந்த ரயில்களைப் பனிச்சரிவு பள்ளத்தில் தள்ளி 96 பேரைக் கொன்றிருந்தது. இவ்விரண்டும் இன்றைய முடிவுக்கும் தொடர்புள்ளவை. ஏன் என்று பின்னால் வருகிறேன். 1916-இல் ரயில்வே நிறுவனம் கணவாயின் உச்சியைக் கைவிட்டு, மலைக்கு அடியில் எட்டு கிலோமீட்டர் நீளக் கொனாட் சுரங்கத்துக்குள் புகுந்துகொண்டது. நெடுஞ்சாலைக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. 1962-இல் திறக்கப்பட்ட டிரான்ஸ் கனடா, ரயில் அஞ்சி ஒதுங்கிய அதே கணவாயின் உச்சி வழியாகப் போகிறது.

அப்படியானால் என் மைத்துனர் சொன்னதுதானே சரி என்று தோன்றும். ஆனால் பனிச்சரிவு இறங்கும் சாலை என்பதும், பனிச்சரிவு நம்மேல் இறங்கும் சாலை என்பதும் ஒன்றாகிவிடாது. ரோஜர்ஸ் கணவாயில் பூங்கா நிர்வாகத்தின் கணிப்பாளர்கள் குளிர்காலம் முழுவதும் பனியடுக்குகளைத் தோண்டிப் பார்த்தும், உயரத்தில் வைத்திருக்கும் வானிலைக் கருவிகளைப் படித்தும், எந்தத் தடத்தில் எவ்வளவு பனி சேர்ந்திருக்கிறது என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். சரியும் நிலை நெருங்குகிறது என்றால் சாலையை மூடி, கனடிய ராணுவத்தின் பீரங்கிப் படையைக் கூப்பிடுகிறார்கள். 1961 முதல் நடந்துவரும் இப்பணிக்கு ‘ஆபரேஷன் பலாச்சி’ என்று பெயர். 105 மில்லிமீட்டர் பீரங்கிகளை வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டுபோய், சாலையோரத்தில் அதற்கென்றே கட்டிவைத்த வட்ட மேடைகளில் நிறுத்தி, முன்பே குறித்துவைத்த மலைச்சரிவுகளை நோக்கிச் சுடுகிறார்கள். பனி பெரிதாகச் சேர்வதற்கு முன்பே, ஆளில்லாத நேரத்தில் இறங்கிவிடுகிறது. கோடையில் அவ்வழியே போகிறவர்கள் சாலையோரம் காரணமில்லாமல் இருக்கும் அந்த வட்டமான தளங்களைக் கவனித்திருக்கலாம். இவை போதாத இடங்களில் சாலைக்கு மேல் கான்கிரீட் கூரைகள் இருக்கின்றன. பனி அவற்றின் முதுகில் வழுக்கி அந்தப் பக்கம் போய்விடும். மூடல் வழக்கமாக இரண்டு மணி நேரத்துக்குள் முடியும். பெரும்புயல் தொடர்ந்தால் ஒரு நாளோ அதற்கு மேலுமோ ஆகலாம்.

இந்த ஏற்பாட்டில் நம் பங்கு மிகச் சிறியது: மூடியிருந்தால் காத்திருப்பது, திறந்திருந்தால் நிற்காமல் போவது. ‘பனிச்சரிவுப் பகுதி, நிறுத்தாதீர்கள்’ என்று சாலையோரப் பலகை சொல்வதன் பொருளைப் பலரும் கவனிப்பதில்லை. ஒரு தடத்தைத் தாண்ட ஓடும் காருக்குச் சில விநாடிகள் போதும். அதே தடத்தின் கீழே படம் எடுக்க நின்றாலோ, டயரில் சங்கிலி மாட்ட நின்றாலோ, அந்தச் சில விநாடி இருபது நிமிடமாகிறது. முன்னால் சாலையைப் பனி மறித்துக் கிடந்தால், இறங்கிப் போய் மண்வெட்டியால் வழி செய்யப் பார்ப்பது 1910-இன் அந்த இரவை மறுபடி அரங்கேற்றுவதற்குச் சமம். பனி இறங்கிய தடத்திலோ பக்கத்துத் தடத்திலோ இன்னொன்று இறங்கலாம். பாதுகாப்பாகத் திரும்ப முடியுமானால் திரும்பி, தடங்கள் இல்லாத இடத்துக்குப் போய் அழைப்பதே முறை.

இனி மூன்றாம் எண் சாலை. வரைபடத்தில் பார்த்தால் தெற்கே, தாழ்வாக, சாதுவாகத் தெரியும். உண்மையில் இம்மூன்று வழிகளிலும் உயரமான இடம் இதில்தான் இருக்கிறது. க்ரெஸ்டனுக்கும் சால்மோவுக்கும் நடுவிலுள்ள கூட்னி கணவாய் சுமார் 1,775 மீட்டர். குளிர்காலம் முழுவதும் திறந்துவைக்க முயலும் கனடிய நெடுஞ்சாலைக் கணவாய்களில் இது மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. இங்கும் பனிச்சரிவுத் தடங்கள் சாலைக்கு நேர்மேலே நிற்கின்றன. பீரங்கிக்குப் பதிலாக, மலைமேல் நிரந்தரமாக நட்ட இரும்புக் குழாய்களில் புரொப்பேனையும் ஆக்சிஜனையும் கலந்து, தொலைவிலிருந்தே வெடிக்கச் செய்யும் கேஸெக்ஸ் என்னும் முறை இங்கே பயன்படுகிறது. இரவிலும் புயலுக்கு நடுவிலும் இதை இயக்க முடியும் என்பது பெரிய வசதி. ஆனாலும் அதற்காகச் சாலையை மூடத்தான் வேண்டும். மூடினால் மாற்று வழியாகக் கூட்னி ஏரிக்கரையோரம் போய், கட்டணமில்லாப் படகில் காரை ஏற்றி மறுகரை சேரலாம். அழகான பயணம்தான். எல்லாரும் அதே யோசனையோடு வந்து படகுத்துறையில் வரிசையில் நிற்கும் நாளில் அந்த அழகை ரசிக்கும் மனநிலை இருக்காது.

கூட்னியோடு முடிந்துவிடுவதும் இல்லை. அதற்கு மேற்கே காசில்கரைத் தாண்டியதும் 1,535 மீட்டர் உயரத்தில் போனான்சா கணவாய், ஒசோயூஸுக்கு முன்னால் வளைந்து வளைந்து இறங்கும் அனார்க்கிஸ்ட் மலை, பிரின்ஸ்டனுக்கு அப்பால் மேனிங் பூங்காவுக்குள் 1,342 மீட்டர் அலிசன் கணவாய் என்று ஏற்ற இறக்கம் தொடர்ந்துகொண்டே இருக்கும். ஒன்றாம் எண் சாலையில் ஒரு பெரிய கணவாயை அஞ்சி வந்தவர், இங்கே பலவற்றை ஒன்றன்பின் ஒன்றாகத் தாண்டுகிறார். பெரும்பகுதி இருவழிச் சாலை, ஊர்களுக்கு இடையே தொலைவும் அதிகம்.

இந்தச் சாலையின் கடைசிப் பகுதியில், ஹோப் ஊருக்குச் சற்றுக் கிழக்கே, மலையின் ஒரு பக்கம் முழுவதும் உரிந்ததுபோல் கிடப்பதைக் காரிலிருந்தே பார்க்கலாம். 1965 ஜனவரி 9 அதிகாலையில் சிறிய பனிச்சரிவு ஒன்று சாலையை மறித்தது. வந்த சில வண்டிகள் அதன் பின்னால் நின்றன. நின்றவர்கள்மீது மலையே பாறையாகச் சரிந்து விழுந்தது. நால்வர் இறந்தார்கள், அவர்களில் இருவரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. பாறைச்சரிவைக் கணித்திருக்க முடியாது என்பது வேறு. ஆனால் ரோஜர்ஸ் கணவாயின் 1910-ஐயும் ஹோப்பின் 1965-ஐயும் அடுத்தடுத்து நினைக்கும்போது, மலைச்சரிவின் கீழே நின்றுகொண்டிருப்பது என்ற ஒன்றே இரண்டிலும் பொதுவாக இருக்கிறது.

தெற்கு வழிக்கு எதிராக எனக்கு இருக்கும் பெரிய ஆட்சேபம் இன்னொன்று. ரோஜர்ஸ் கணவாய் மூடப்பட்டது என்று செய்தி வந்ததும் கூட்னி பக்கம் திரும்புகிறவர், புயல் ஒரு கணவாய்க்கு மட்டும் வருகிறது என்று எண்ணுகிறார். பசிபிக்கிலிருந்து வரும் ஈரப்புயல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம் உடையது. 1910-இல் வெலிங்டனில் ஒரு நாள், மூன்று நாள் கழித்து ரோஜர்ஸில் ஒரு நாள் என்று எல்லையின் இரு பக்கமும் மலைகள் சரிந்தது ஒரே புயற்காலத்தில்தான். ரோஜர்ஸை மூடவைத்த பனியும் வெப்பமும் காற்றும் கூட்னியையும் மூடவைக்கும் வாய்ப்பு அதிகம். இடையில் நாம் ஐந்தாறு மணி நேரம் தெற்கே ஓட்டி, களைத்து, இருட்டில் ஒரு சிற்றூரில் அறை தேடிக்கொண்டிருப்போம்.

யெல்லோஹெட் வழி இதற்கு மாறானது. கணவாய் சுமார் 1,130 மீட்டர், ஏற்றம் மென்மையானது, எட்மன்டனிலிருந்து ஜாஸ்பர் வரை பெரும்பகுதி அகலமான நான்குவழிச் சாலை. பனிச்சரிவு என்ற ஒரே அளவுகோலால் அளந்தால் மூன்றிலும் அமைதியானது இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம். விலை தூரத்தில் இருக்கிறது: ஒன்றாம் எண் சாலையைவிட ஏறக்குறைய 480 கிலோமீட்டர் அதிகம், அதாவது நல்ல வானிலையிலேயே ஐந்து மணி நேரம் கூடுதல். வேல்மவுன்டைத் தாண்டிப் புளூ ரிவர், கிளியர்வாட்டர் வரையிலான காட்டுப்பகுதியில் கைபேசிக்கு அலை கிடைக்காத நீண்ட இடங்கள், மாலையானால் சாலையில் வந்து நிற்கும் மூஸ் மான்கள், பெட்ரோல் நிலையங்களுக்கு இடையே பெரிய இடைவெளிகள். தூரத்தைக் குறைக்க லேக் லூயிஸிலிருந்து ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே வழியாக ஜாஸ்பருக்கு ஏறலாமே என்று வரைபடச் செயலி ஆசை காட்டும். அந்த 232 கிலோமீட்டரை டிசம்பரில் தொடாதீர்கள். இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் போகும் இரண்டு கணவாய்கள், மேலே பனிச்சரிவுத் தடங்கள், குளிர்காலத்தில் திறந்த பெட்ரோல் நிலையம் இல்லை, கைபேசி அலை இல்லை. பனிச்சரிவைத் தவிர்க்கப் புறப்பட்டவர் அதன் மடியிலேயே போய் விழுவதாகும்.

இதுவரை பனிச்சரிவை வைத்தே பேசினேன். இப்பயணத்தில் எனக்கு அதிகக் கவலை தருவது அதுவன்று, கண்ணுக்கெட்டும் தொலைவில் தரையில் கிடக்கும் பனிக்கட்டி. கணக்காகவே பார்க்கலாம். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், உலர்ந்த தார்ச்சாலையில் பிரேக்கை அழுத்திய இடத்திலிருந்து சுமார் 36 மீட்டரில் நிற்கும். இறுகிய பனியில் அது 100 மீட்டராகும். பளபளக்கும் பனிக்கட்டியில் 250 மீட்டரைத் தொடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் அதே பனிக்கட்டியில் 140 மீட்டர். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வைத்திருப்பவர்கள் இந்த எண்களைத் தமக்கு உரியவை அல்ல என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்த அமைப்பு புறப்படவும் ஏறவும் உதவும், நிற்பதற்கு எல்லாக் காருக்கும் அதே நான்கு டயர்கள்தாம். பிளாக் ஐஸ் என்று எல்லாரும் சொல்லும் மெல்லிய கண்ணாடிப் படலம் கடுங்குளிரைவிட பூஜ்யத்தை ஒட்டிய வெப்பநிலையில்தான் நம்மை ஏமாற்றுகிறது. பகலில் உருகிய நீர் மாலையில் உறைகிறது. அடியிலும் காற்று புகும் பாலங்கள் சாலையை முந்திக்கொண்டு உறைகின்றன. க்ரூஸ் கன்ட்ரோலை அணைத்துவைக்கச் சொல்வது இதனால்தான்.

இன்னொரு காட்சி, ரெவெல்ஸ்டோக்குக்கு மேற்கே த்ரீ வேலி கேப் பக்கம், ஏரிக்கும் மலைக்கும் நடுவே நெருக்கிப் போகும் இருவழிச் சாலையில் நானே பார்த்தது. எதிரே ஒரு பெரிய டிரக் கடந்தது. அதன் சக்கரங்கள் வாரியெறிந்த உப்புச்சேறு கலந்த பனிக்குழம்பு முன்கண்ணாடி முழுவதும் ஒரே அறையாக அப்பிக்கொண்டது. வைப்பர் ஒருமுறை போய் வந்தது. சாம்பல் நிறத்தில் இன்னும் சமமாகப் பூசிவிட்டது. வாஷர் திரவத்தை அழுத்தினேன், துளை உறைந்திருந்தது. இலையுதிர்காலத்தில் ஊற்றிய மலிவான திரவத்தை மாற்றாமல் விட்டது என் தவறு. மூன்று விநாடி எதுவும் தெரியவில்லை. 80 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி என்பது 66 மீட்டர். அன்று பனிச்சரிவு எச்சரிக்கை எதுவும் இல்லை. வானம் நீலமாக இருந்தது. அதன்பிறகு மைனஸ் 40 வரை உறையாத திரவத்தை மட்டுமே வாங்குகிறேன், ஒரு கேன் கூடுதலாகக் காரிலும் இருக்கும்.

டயர் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஆல்பர்ட்டாவில் குளிர்கால டயரைச் சட்டம் கேட்பதில்லை. மாநில எல்லையைத் தாண்டிப் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குள் நுழைந்ததும் நிலைமை மாறுகிறது: அக்டோபர் 1 முதல் மலைக்கணவாய்ச் சாலைகளில் ஏப்ரல் 30 வரை, குறைந்தது 3.5 மில்லிமீட்டர் ஆழப் பள்ளங்களுடன் குளிர்கால டயர் கட்டாயம். எம், எஸ் எழுத்துகள் பொறித்த சாதாரண டயரையும் சட்டம் ஏற்றுக்கொள்கிறது, நான் ஏற்றுக்கொள்ளமாட்டேன். வெப்பநிலை ஏழு பாகைக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் இறுகிப் பிடிமானம் இழக்கிறது. பக்கவாட்டில் மூன்று சிகரமும் பனித்துகளும் பொறித்த அசல் குளிர்கால டயர் இல்லாமல் டிசம்பரில் இம்மூன்று சாலைகளில் எதையும் தொட வேண்டாம் என்பதே என் கருத்து. அதற்குச் செலவழிக்க மனமில்லை என்றால் விமானச் சீட்டு வாங்கிவிடலாம்.

எந்த வழியில் வந்தாலும் காஸ்கேட் மலைகளை எங்காவது ஓரிடத்தில் தாண்டித்தான் ஆகவேண்டும். காம்லூப்ஸ் வழியாக வருகிறவர்களுக்கு அங்கே ஒரு கிளைத்தேர்வு இருக்கிறது. 1986-இல் திறக்கப்பட்ட கோக்விஹல்லா அகலமானது, வேகமானது, 1,244 மீட்டர் உச்சியிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தூரத்துக்குள் கடல்மட்டத்தை ஒட்டிய ஹோப்புக்கு இறங்குவது. மேலே பனிப்புயல், நடுவில் பனிக்குழம்பு, கீழே மழை என்று ஒரே மணி நேரத்தில் மூன்றும் வரும். ஏற்றத்தில் ஒரு டிரக் குறுக்கே மடங்கி நின்றால் சாலை முழுவதும் நிற்கும். பழைய ஃப்ரேசர் பள்ளத்தாக்குச் சாலை நீளமானது, ஒரு மணி நேரத்துக்கு மேல் அதிகம் பிடிக்கும், வளைவும் பாறை விழும் இடங்களும் உண்டு, ஆனால் தாழ்வானது. கோக்விஹல்லாவில் கடும் பனி என்று, பிரிட்டிஷ் கொலம்பியாவின் சாலை நிலவரத்தைச் சொல்லும் டிரைவ் பிசி தளம் காட்டும் நாளில் நான் ஃப்ரேசர் பக்கம் திரும்பிவிடுவேன். 2021 நவம்பர் பெருமழையில் கோக்விஹல்லாவின் பாலங்கள் உடைந்து வாரக்கணக்கில் மூடப்பட்டிருந்ததை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, இச்சாலையை நிரந்தரம் என்று எண்ணும் பழக்கம் போயிருக்கும்.

விமானத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றரை மணி நேரம். கைக்குழந்தையோ முதியவரோ உடன் இருந்தால், குறிப்பிட்ட நாளில் திருமணமோ சடங்கோ இருந்தால், அதுவே சரி. ஆனால் அதுவும் வானிலைக்குக் கட்டுப்பட்டதுதான்: 2022 டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் வான்கூவர் விமான நிலையம் பனியில் முடங்கியபோது, பயணிகள் விமானங்களுக்குள்ளேயே மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். நான்கு பேருக்கு விடுமுறைக் கட்டணம் போட்டால் பலர் மறுபடி கார்ச்சாவியைத் தேடுவதையும் புரிந்துகொள்ள முடிகிறது.

ஆக, என் தேர்வு ஒன்றாம் எண் சாலை. அதிகமான பனிச்சரிவுத் தடங்கள் உள்ள சாலையில்தான் அவற்றைக் கவனிக்கும் ஆட்களும் கருவிகளும் அதிகம். எல்லாவற்றிலும் குறைந்த தூரம் என்பதால் களைப்பும் இருட்டும் குறைவு. கணவாயின் இரு பக்கமும் கோல்டன், ரெவெல்ஸ்டோக் என்று தங்கவும் சாப்பிடவும் ஊர்கள் இருக்கின்றன. கோல்டனுக்கு முன்னால் இருந்த குறுகலான கிக்கிங் ஹார்ஸ் பள்ளத்தாக்குப் பகுதியும் 2023 இறுதியில் நான்குவழியாகிவிட்டது. ஆனால் இத்தேர்வு ஒரு நிபந்தனையோடு வருகிறது: பயணத்துக்கு இரண்டு நாள் ஒதுக்கி, மூன்றாவதாக ஒரு நாளைக் கையிருப்பில் வைத்திருக்க வேண்டும். டிசம்பர் பிற்பகுதியில் இங்கே பகல் ஏறத்தாழ எட்டு மணி நேரம்தான். 970 கிலோமீட்டரை ஒரே நாளில் முடிக்க நினைப்பவர் எப்படிப் புறப்பட்டாலும் ஏதோ ஒரு மலைத்தொடரை இருட்டில் கடப்பார், பெரும்பாலும் களைத்திருக்கும் கடைசி நேரத்தில், கோக்விஹல்லாவை. அந்தக் கூடுதல் நாள் இல்லாதவருக்கு எந்தச் சாலையும் நான் பரிந்துரைக்கமாட்டேன். மூடிய தடுப்பின் முன்னால் நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பவர்தான் வரைபடத்தில் தெற்கு வழியைத் தேடத் தொடங்குகிறார். யெல்லோஹெட், ரோஜர்ஸ் நாட்கணக்கில் மூடியிருக்கும் என்று அறிவித்துவிட்ட அரிய வேளைக்கும், எட்மன்டனில் குடியிருப்பவர்களுக்கும் உரியது. எட்மன்டன்காரர்களுக்கு அது சுற்றே அன்று, நேர்வழி.

முந்தின நாளும் புறப்படும் காலையிலும் டிரைவ் பிசி தளத்தைப் பார்த்துவிடுங்கள். அதில் ஆல்பர்ட்டாப் பகுதி வராது, அதற்கு 511 ஆல்பர்ட்டா. அவலாஞ்ச் கனடா வெளியிடும் ஐந்து நிலை அபாய எச்சரிக்கையைச் சிலர் சாலைக்கானது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது மலைக்குள் பனிச்சறுக்குப் போகிறவர்களுக்காக எழுதப்படுவது. எச்சரிக்கை ‘அதிகம்’ என்றிருக்கும்போதும் சாலை திறந்திருக்கலாம். இருந்தாலும் நான் அதைப் பார்ப்பேன், அன்று மூடல் வரும் வாய்ப்பு எவ்வளவு என்று ஊகிக்க உதவும். காரில் போர்வை, மண்வெட்டி, தண்ணீர், பாதிக்குக் கீழே இறங்காத பெட்ரோல். நெடுநேரம் நிற்க நேர்ந்து எஞ்சினை ஓட்டுவதானால், முதலில் இறங்கிப் புகைக்குழாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்த குழாயிலிருந்து கார்பன் மோனாக்சைடு காருக்குள்தான் வரும்.

சென்ற டிசம்பரில் நாங்கள் பகல் பதினொன்றரைக்குக் கோல்டன் சேர்ந்தபோது ரோஜர்ஸ் மூடியிருந்தது. பெட்ரோல் நிலையத்தில் டிரக்குகள் வரிசையாக எஞ்சின் உறும நின்றன. ஓட்டுநர்களில் ஒருவர் பஞ்சாபியில் வீட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார், இன்னொருவர் சங்கிலிகளைத் தரையில் விரித்து முறுக்கெடுத்துக்கொண்டிருந்தார். மைத்துனருக்கு அழைத்துச் சொன்னேன். “நான் அப்பவே சொன்னேனே மாப்பிள்ளை” என்றார். கூட்னி கணவாயின் நிலையை ஒருமுறை பார்க்கச் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. “அதுவும் மூடித்தான் கிடக்கு” என்றார். கொண்டுபோன புளிசாதத்தைக் காரிலேயே சாப்பிட்டோம், பிள்ளைகள் ஒரு மணி நேரம் பனியில் விளையாடினார்கள், மூன்று மணியைத் தாண்டித் தடுப்பு திறந்தது. வெளிச்சம் ஒன்றரை மணி நேரம்கூட மிச்சமில்லை என்பதால் நாங்கள் புறப்படவில்லை. ஏற்கெனவே எடுத்துவைத்திருந்த அறைக்குப் போய்விட்டு, மறுநாள் காலை எட்டரைக்குக் கணவாய் ஏறினோம்.